மாடத்தி தலைக்குச் சாயம் போட்ட கதை

யாருல சிரிச்சது? இசக்கி, நீயா? சிரி, நல்லாச் சிரி. தலை பூராவும் மருதாணியை அப்பிக்கிட்டுப் பெரியம்மை உக்காந்திருக்கதைப் பாத்தா உனக்குச் சிரிப்பாத்தான் இருக்கும். நீ சின்னப்பிள்ளை, சிரிச்சுட்டுப் போ. உங்க சித்தப்பனுக்கு என்ன வந்துச்சுங்கேன். செருப்பை மாட்டிக்கிட்டே, "ஏன் மைனி, இந்த வயசுல இதெல்லாம் யாருக்குக் காட்டுததுக்கு"ன்னு கேட்டுட்டுப் போறான். என் தலை, என் கை, என் கொல்லையில நிக்க மருதாணி. இவனுக்கு எங்க வலிக்குது?

இது காயுத வரைக்கும் நான் எந்திரிக்க முடியாது. உக்காருங்க எல்லாரும், ஒரு கதை சொல்லுதேன். கோமதி, நீ உம் கொட்டணும். கொட்டலைன்னா அந்த இடத்துலயே நிப்பாட்டிருவேன்.

ஒரே ஒரு ஊர்ல மாடத்தி, மாடத்தின்னு ஒருத்தி இருந்தா. காரைக்குளம்னு ஊரு. மாடத்திக்கு வயசுன்னு பாத்தா நம்ம கோமதியோட அம்மையை விடக் கொறைச்சல்தான். புருசன் உப்பு மூட்டை மாடு பத்திக்கிட்டு மலைக்கு அந்தப் பக்கம் போயிட்டான், திரும்பி வர மாசக்கணக்காகும். வீட்டுல மாமியா பூரணத்தா உண்டு. மூணு வெள்ளை ஆடு உண்டு. ஒரு பொம்பளைப் பிள்ளை உண்டு, அப்பத்தான் சுவத்தைப் பிடிச்சு நடக்கப் பழகுது.

அந்தப் பிள்ளையைப் பெத்ததும் மாடத்திக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. செத்துப் பொழைச்சா. பொழைச்சு எந்திரிச்சா முடி வெளுக்க ஆரம்பிச்சுது. இன்னைக்குக் கொஞ்சம் நாளைக்குக் கொஞ்சம்னு வெளுத்து, பிள்ளை நடக்குததுக்குள்ள தலை பூராவும் வெள்ளை. அதுக்காக அவ அழுதாளான்னா அழலை. "உசுரு திரும்பி வந்துச்சே, முடி என்ன நிறமா இருந்தா என்ன"ன்னு சொல்லிட்டு, எண்ணெய் வச்சுச் சீவி, கொண்டை போட்டு, கனகாம்பரம் வச்சுக்கிட்டு ஆடு பத்திக்கிட்டுப் போவா. வெள்ளை முடியில கனகாம்பரம் நல்லா எடுப்பா இருக்கும் பாத்துக்கோ. அவ பாட்டுக்கு இருந்தா. அதுல யாருக்கு என்ன நட்டம், சொல்லுங்க பாப்பம்.

யாருக்கும் இல்லை. அப்படித்தான் நானும் நெனைக்கேன்.

அந்த ஊருக்கு ஒரு மணியக்காரரு. சிங்காரம்னு பேரு. ராஜா கோட்டையில இருப்பாரு, ஊருக்குள்ள இவரு வச்சதுதான் சட்டம். குளத்துக்கும் மடைக்கும் இவருதான் பொறுப்பு. பேரன் பேத்தி எடுத்தாச்சு, ஆனா தலையில ஒரு வெள்ளை முடி கிடையாது, மீசையிலயும் கிடையாது. எப்படிங்கீங்க? விளக்குக் கரியை விளக்கெண்ணெயில குழைச்சு ஒரு கிண்ணத்துல வச்சிருப்பாரு. காலையில கதவைச் சாத்திக்கிட்டு அதை எடுத்துத் தடவுவாரு. தலகாணி கறுப்பு, துண்டு கறுப்பு, வெயில்ல வேர்த்துச்சுன்னா காதுக்குப் பின்னால கறுப்பா ஒரு கோடு இறங்கும். ஊருக்கே தெரியும். ஒருத்தராவது கேட்டிருப்பாங்களா, "ஏன் மணியம், இந்த வயசுல யாருக்குக் காட்டுததுக்கு"ன்னு? கேக்க மாட்டாங்க. ஆம்பளை பாரு, அதுவும் மணியக்காரரு.

அந்த வருசம் குளத்து மடைப்பலகை உளுத்துப் போச்சு. தண்ணி ஒழுக ஆரம்பிச்சுது. வயக்காட்டுக்காரங்க வந்து, "ஐயா, பலகை உளுத்துருச்சு, தண்ணி கசியுது"ன்னாங்க. "பாப்பம்"னாரு. பொறவு வந்து, "ஐயா, பாதிக் குளம் போயிட்டு"ன்னாங்க. "பாப்பம்ப்பா"ன்னாரு. பொறவும் வந்து, "ஐயா, குளத்துல ஆடு மேயுது"ன்னாங்க. அப்பத்தான் அவருக்கு ராஜா நெனைப்பு வந்துச்சு. ராஜா கேட்டா என்ன பதில் சொல்ல? சுத்தி முத்தும் பாத்தாரு. அந்த நேரம் பாத்து மாடத்தி கரை மேல ஆடு பத்திக்கிட்டு வாரா, தலை வெயில்ல மின்னுது.

"குளம் ஏன் வத்தாது, சின்ன வயசுல நரைச்சவ தினமும் கரையில நடந்தா"ன்னுட்டாரு.

அவ்வளவுதான். கொஞ்ச நாள்ல ஒரு வீட்டுல மாடு செத்துது, கோமாரி நோய். "மாடத்தி நரைதான்"னாரு. பொறவு ராஜாவோட குதிரை வழுக்கி விழுந்துச்சு, லாடம் தேஞ்சு போயிருந்துச்சு. "மாடத்தி நரைதான்"னாரு. பொறவு அவரு வீட்டுப் பால் திரிஞ்சு போச்சு. அதுக்கும் மாடத்தி நரைதானாம். பானையைக் கழுவாதவ அவரு பெஞ்சாதி, இதுல மாடத்தி எங்கட்டி வந்தா? ஆனா ஜனங்க நம்பிட்டாங்க. கிணத்துல தண்ணி இறைக்கவ மாடத்தியைப் பாத்தா குடத்தைத் தூக்கிட்டு ஒதுங்கி நிக்கா. மாமியா பூரணத்தா மட்டும் முந்தானையை வரிஞ்சு கட்டிக்கிட்டுத் தெருவுல இறங்கி, "என் மருமவ முடி நரைச்சா உங்க வீட்டுக் கூரையா இடிஞ்சு விழுது"ன்னு கேட்டா.

சிங்காரம் போயி ராஜாட்ட வத்தி வச்சாரு. ராஜா என்ன செஞ்சிருக்கணும்? நேரா வந்து குளத்தைப் பாத்திருக்கணுமா இல்லையா? பாக்கலையே அந்த மனுசன். வெத்தலையை மென்னுக்கிட்டே மாடத்தியைக் கூப்பிட்டு விட்டாரு. அவ பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டுப் போயி நின்னா.

"அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நாட்டுததுக்குள்ள நீ ஊரை விட்டுப் போயிரணும்"னாரு ராஜா.

"நான் என்ன தப்பு செஞ்சேன் ராஜா?"

"தப்பு கிப்பு எனக்குத் தெரியாது. உன் நரை ஊருக்கு ஆகலைன்னு மணியம் சொல்லுதாரு."

"என் புருசன் ஊர்ல இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?"

அப்ப சிங்காரம் குறுக்க வந்து சொன்னாரு பாருங்க ஒரு வார்த்தை, இப்ப சொன்னாலும் எனக்கு உடம்பெல்லாம் பத்துது. "பிள்ளையை எதுக்குத் தூக்கிட்டுப் போகணும்? பிள்ளைக்குத் தலை கறுப்பு. அது ஊர்ப்பிள்ளை. அது இங்கன கிடக்கட்டும், நீ மட்டும் போ"ன்னாரு.

பால் குடி மறக்காத பிள்ளை. கேட்டுக்கிட்டீங்களா? உம் கொட்டாத கோமதி, இந்த இடத்துல உம் கொட்டக் கூடாது.

மாடத்தி அழலை. பிள்ளையை மறு இடுப்புக்கு மாத்திக்கிட்டு, "ராஜா, என் தலை கறுத்துட்டா?"ன்னு கேட்டா. ராஜா சிரிச்சாரு. "கறுத்தா இரு, யாரு வேண்டாம்னா?"ன்னாரு. சபையில அத்தனை பேரும் சிரிச்சாங்க. அன்னைக்கே மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெருன்னு மூணு தெருவுலயும் தமுக்கு அடிச்சு, மாடத்தி நரையால ஊருக்குக் கேடு, அவளை விரட்டப் போறோம்னு சொல்லிட்டாங்க.

மாடத்தி வீட்டுக்கு வந்து மாமியாட்ட எல்லாத்தையும் சொன்னா. பூரணத்தா மண்ணை வாரித் தூத்துனா. "அத்தை, சாபத்தைப் பொறவு குடுப்பம். இப்ப இந்தத் தலையைக் கறுக்க வைக்கணும்"னா மாடத்தி. "வயக்காட்டு வரப்புல அவுரி முளைச்சுக் கிடக்கு. சாயக்காரங்க வேட்டிக்கு நீலம் எடுக்கது அதுலதான். கொல்லையில மருதாணி நிக்கி. துணியில ஏறுதது முடியில ஏறாதா?"

"ஏறும்ட்டி. ஆனா தலையில நேரா வச்சு, அது வேற மாதிரி ஆயிட்டுன்னா?"

அதுவும் நியாயந்தானே. இருக்கது ஒரு தலை. வீட்டுல மூணு ஆடு நிக்கி, மூணும் வெள்ளை, மூணுக்கும் தாடி உண்டு.

முதல் ஆட்டைப் பிடிச்சு, அவுரி இலையை இடிச்சுத் தண்ணியில குழைச்சுத் தாடியில வச்சுக் கட்டுனா. அவுத்துக் கழுவுனா தாடி பச்சை. சும்மா பச்சை இல்லை, பாசி பிடிச்ச படித்துறை மாதிரி ஒரு பச்சை. தேச்சுப் பாத்தா, போகலை. ரெண்டாவது ஆட்டுக்கு மருதாணியை மோர் விட்டு அரைச்சு வச்சா. கழுவுனா தாடி சிவப்பு. மூணாவது ஆட்டுக்கு முதல்ல மருதாணியை வச்சுச் சிவக்க விட்டு, நல்லாப் பிடிச்ச பொறவு அதுக்கு மேல அவுரியை வச்சா. கழுவுனா தாடி கன்னங்கரேல்னு கறுப்பு. தேச்சா போகலை, நனைச்சா போகலை, ஆடு போயி முள்ளுல உரசிட்டு வந்தும் போகலை.

"அத்தை, வழி கிடைச்சிட்டு"ன்னா.

ஆனா அதுல ஒண்ணு இருக்கு. மருதாணி நல்லாப் பிடிக்கணும்னா ஒரு நாள் முழுக்க செக்கச் செவேல்னு தலையோட இருக்கணும். மாடத்தி இருந்தா. வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டும் இருக்கலை, அவ இல்லைன்னா ஆட்டை யாரு பாப்பா, தண்ணி யாரு எடுப்பா? அந்தச் சிவப்புத் தலையோடயே குடத்தைத் தூக்கிட்டு மூணு தெரு வழியாவும் நடந்தா. மேலத்தெருவுல சிரிச்சாங்க, நடுத்தெருவுல சிரிச்சாங்க, கீழத்தெருவுல கை கொட்டிச் சிரிச்சாங்க. அவளுக்கும் அவமானமாத்தான் இருந்துச்சு, இல்லாம இருக்குமா? ஆனா இடுப்புல பிள்ளை இருந்துச்சு. அந்தப் பிள்ளைக்காக நடந்தா.

மறுநாள் அவுரியை வச்சா. காய விட்டுக் கழுவுனா. பூரணத்தா பாத்துட்டு, "கல்யாணத்தன்னிக்கு உன்னை இப்படித்தான்ட்டி பாத்தேன்"னா.

பந்தக்கால் நாட்டுத அன்னைக்கு மாடத்தி கறுத்த கொண்டையில கனகாம்பரத்தை வச்சுக்கிட்டு, பிள்ளையோட வந்து முன்னால நின்னா. ராஜா வாயைப் பிளந்துட்டாரு. சபையில சொன்ன வார்த்தையை மாத்த முடியுமா? "சரி, இரு"ன்னாரு. சிங்காரத்துக்கு முகம் செத்துப் போச்சு.

மறுநாள் உச்சி வெயில்ல, தெருவுல ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாப் பாத்து, சிங்காரம் மாடத்தி வீட்டுக்கு வந்தாரு. வந்தவரு உக்காரக் கூட இல்லை.

"நீ சாயம் போட்டுத்தானே கறுத்திருக்கே? ராஜாவை ஏமாத்திட்டே. கொடையன்னிக்கு ஊர் முன்னால சொல்லிருவேன். பொறவு பிள்ளையும் இல்லை, ஊரும் இல்லை, பாத்துக்கோ."

மாடத்தி பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா. "இப்ப என்ன வேணும் மணியம்?"ன்னா.

அவரு குரலைத் தணிச்சாரு. என்ன வேணும்ங்கீங்க? அவருக்கும் அந்தச் சாயந்தான் வேணும். கொடையன்னிக்கு அம்மன் கோயில்ல மணியக்காரருக்குப் பரிவட்டம் கட்டுவாங்க. அம்மனுக்குச் சாத்துன பட்டுத்துணியை எடுத்துத் தலையில கட்டுதது. தலைத்துண்டை அவுத்துட்டு, வெறுந்தலையா நின்னுதான் அதை வாங்கணும். போன வருசம் வேர்வையில கரி ஒழுகி, பட்டு பூராவும் கறுப்பாயி, பூசாரி முகத்தைச் சுளிச்சுட்டாரு. இந்த வருசம் ஒழுகாத கறுப்பு வேணுமாம். அவ செஞ்சா ஏமாத்து, இவரு செஞ்சா அலங்காரம். எப்படி இருக்கு நியாயம்?

மாடத்தி ஒண்ணையும் மறைக்கலை. அவ நல்லவ, நானா இருந்தா மறைச்சிருப்பேன். "முதல்ல மருதாணி மணியம். ஒரு நாள் தலை சிவப்பா இருக்கும், பரவாயில்லைன்னு இருந்துக்கணும். பொறவு அதுக்கு மேல அவுரி"ன்னா.

"ஒரு நாள் முழுக்கச் சிவப்புத் தலையோட நான் இருக்கணுமா? ஊரு சிரிக்காது?"

"என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. நான் இருந்தேனே."

"நீயும் நானும் ஒண்ணா? கறுப்பைக் குடுக்கது எது, அதைச் சொல்லு."

"அவுரி. ஆனா மருதாணி இல்லாம வைக்காதீங்க."

"அப்ப அவுரியை மட்டும் குடு."

"வேண்டாம் மணியம், பச்சையாயிரும். அன்னா அந்த ஆட்டுத் தாடியைப் பாருங்க."

"நான் என்ன ஆடா? எனக்குப் புத்தி சொல்லுதியோ? நான் ஊர் பூராவும் சிவப்புத் தலையோட திரியணும், நீ பாத்துச் சிரிக்கணும், அதுக்குத்தானே மருதாணின்னு ஒண்ணைச் சேக்கே?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். மருதாணி இல்லாம வைக்காதீங்க"ன்னு மூணாவது தடவையும் சொன்னா. அவ இடிச்சு மிச்சம் வச்சிருந்த அவுரியை அவரு சட்டியோட தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு.

கொடைக்கு முந்தின நாள் சாயந்தரம் சீயக்காய் போட்டுக் கரியெல்லாம் போகக் கழுவுனாரு. இனி இது எதுக்குன்னு அந்தக் கரிக் கிண்ணத்தைத் தூக்கி உரக்குழியில எறிஞ்சாரு. அவுரியைத் தலையில அப்பினாரு, மீசையில அப்பினாரு, ஆமணக்கு இலையை வச்சுக் கட்டிக்கிட்டுப் படுத்தாரு. விடிஞ்சு கழுவிட்டு வெங்கலத் தாம்பாளத்துல முகத்தைப் பாத்தாரு.

பச்சை. தலையும் பச்சை, மீசையும் பச்சை.

சீயக்காய் போட்டுத் தேச்சாரு, போகலை. அரப்பு போட்டுத் தேச்சாரு, போகலை. அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேச்சாரு, தோல்தான் போச்சு. உரக்குழியில போயிக் கிண்ணத்தைத் தேடுனா அதை நாய் நக்கிட்டுப் போயிட்டு. கோயில்ல மேளம் அடிக்காங்க, ராஜா வந்துட்டாருன்னு ஆள் வந்து கூப்பிடுதான். என்ன செய்ய? மீசையைச் சிரைச்சாரு. தலைக்குச் சிரைக்க நேரமில்லை. பெரிய துண்டை எடுத்துக் காது வரைக்கும் இழுத்துக் கட்டிக்கிட்டுப் போனாரு.

பூசாரி பரிவட்டப் பட்டைத் தட்டுல வச்சுக்கிட்டு நிக்காரு. ஊரே நிக்கி. ராஜா சொன்னாரு, "மணியம், துண்டை அவுங்க."

"தலைவலி ராஜா, அப்படியே மேல கட்டிருங்க."

"அம்மன் பட்டு, துண்டுக்கு மேலயா கட்டுவாங்க? அவுங்க."

"காத்து ஆகாதுன்னு வைத்தியர் சொல்லியிருக்காரு ராஜா."

"மணியம், அவுக்கச் சொன்னேன்"னாரு ராஜா, மூணாவது தடவையா.

சிங்காரத்துக்கு வேற வழி தெரியலை. பேச்சை மாத்தணுமே. விரலை நீட்டி, "ராஜா, முதல்ல அவளைக் கேளுங்க. மாடத்தி உங்களை ஏமாத்திட்டா, அவ தலை சாயம்"னு கத்துனாரு.

கூட்டம் அப்படியே திரும்பி மாடத்தியைப் பாக்குது. பிள்ளை அவ கழுத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. ராஜா, "நெசமா?"ன்னாரு.

"நெசந்தான் ராஜா"ன்னா மாடத்தி. "சாயந்தான். என் வீட்டுல, என் கையால, என் தலைக்குப் போட்டேன். கறுத்தா இருன்னு நீங்கதான் சொன்னீங்க. கறுத்துட்டு. பந்தக்கால் நாட்டுனதுல இருந்து இந்த ஊர்ல என் நரை கிடையாது. குளம் நெறைஞ்சுதா? செத்த மாடு எந்திரிச்சு நடந்துச்சா? நரை போயிட்டே, தண்ணி எங்க ராஜா?"

ராஜா மென்ன வெத்தலையை முழுங்கிட்டாரு.

அப்ப பூரணத்தா, மாமியாக்காரி, கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்தா. "இதையும் பாத்துருங்க"ன்னு ஒரே இழுவையா சிங்காரம் தலைத்துண்டை இழுத்தா. துண்டு வந்துட்டு. பச்சைத் தலை வெயில்ல நிக்கி. முதல்ல ஒரு குழந்தை சிரிச்சுது, பொறவு மூணு தெருவும் சிரிச்சுது.

"ராஜா, கறுத்த முடியில அவுரியை வச்சா இந்தப் பச்சை வராது. வெள்ளை முடியிலதான் வரும். என் ஆட்டுத் தாடி வெள்ளை, அதான் பச்சையாச்சு. மணியம் தலையும் வெள்ளை. எத்தனையோ வருசமா வெள்ளை. நரையால குளம் வத்தும்னா, முதல்ல இந்த நரைதான் அந்தக் குளத்துக்குக் காவல் இருந்துச்சு"ன்னா மாடத்தி.

அப்பத்தான் ராஜாவுக்குக் குளத்தைப் பாக்கத் தோணுச்சு. எப்ப தோணுது பாருங்க அந்த மனுசனுக்கு. எல்லாரும் போனாங்க. மடையில கையை வச்சா பலகை தூளாக் கொட்டுது. வயக்காட்டுக்காரங்க, "நாங்க மூணு தடவை வந்து சொன்னோம் ராஜா"ன்னாங்க.

ராஜாவுக்குக் கோவம் வந்துட்டு. "நீ சொன்ன சட்டந்தானே, நரைச்சவன் நீ, ஊரை விட்டுப் போ"ன்னு சிங்காரத்தைப் பாத்துச் சொன்னாரு.

மாடத்தி, "அவரைப் போக விடாதீங்க. போயிட்டா மடையை யாரு சரி பண்ணுவா?"ன்னா. "இங்கனயே இருக்கட்டும். மணியக்காரர் வேலை மட்டும் அவருக்கு வேண்டாம். சேத்துல இறங்கி மடையைக் கட்டட்டும். தலையில துண்டு கட்டக் கூடாது, மொட்டையும் போடக் கூடாது, அந்தப் பச்சை தானா வளந்து போகுத வரைக்கும் இப்படியே நிக்கட்டும். நான் ஒரு நாள் சிவப்பாத் திரிஞ்சேன் ராஜா. அவரு அவரு பங்குக்குத் திரியட்டும்."

"சரி"ன்னாரு ராஜா. பெரிய மனசு வந்து, "இந்தப் பரிவட்டத்தை உனக்குக் கட்டச் சொல்லுதேன்"னு வேற சொன்னாரு.

"எனக்குப் பட்டு வேண்டாம். மூணு தெருவுலயும் தமுக்கு அடிச்சு என் நரையால கேடுன்னு சொன்னீங்களே, அதே மூணு தெருவுலயும் தமுக்கு அடிச்சு, மாடத்தி மேல பழி போட்டது தப்புன்னு சொல்லணும். தமுக்கடிக்கவரு பின்னால நீங்களும் நடந்து வரணும். விசாரிக்காம உத்தரவு போட்டது நீங்கதானே ராஜா."

நடந்தாரா? நடந்தாரு. மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு, வெயில்ல, செருப்பில்லாம. எனக்கு இந்தக் கதையில பிடிச்ச இடமே அதுதான்.

பொறவு மடை கட்டி முடிஞ்சு, மழை வந்துச்சு. குளம் கரை தட்டி நிக்கி. மழை பிடிச்ச அன்னைக்கு மாடத்தி கரையில நின்னுக்கிட்டு இருந்தா, தலையில அடிமுடி விரக்கடை அளவுக்கு வெள்ளையா வளந்திருந்துச்சு. அந்த வெள்ளை மேலதான் முதல் மழை விழுந்துச்சு. அதுக்குப் பொறவு அவ ஒரு வருசம் கறுப்பா இருந்தா, ஒரு வருசம் சிவப்பா இருந்தா, ஒரு வருசம் ஒண்ணும் போடாம வெள்ளையா இருந்தா. அவ இஷ்டம். அந்த ஊர்ல ஒருத்தரும் யாருக்குக் காட்டுததுக்குன்னு கேக்கலை.

அவ்வளவுதான் பிள்ளைகளா. தலை யாருதோ அதுக்கு நிறம் சொல்லுததும் அவங்கதான். கதையும் காஞ்சுது, தலையும் காஞ்சுது, அலசத் தண்ணி வேணும். இசக்கி, உங்க சித்தப்பன் வந்துட்டானான்னு எட்டிப் பாரு. வந்துட்டான்னா வென்னி போட்டுக் கொண்டாரச் சொல்லு. அப்படியே அவன் அலமாரி மேல்தட்டுல மீசை மை டப்பா ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கான், அதையும் எடுத்துட்டு வரச் சொல்லு. அவன் யாருக்குக் காட்டுததுக்கு வச்சிருக்கான்னு நான் கேக்கணும்.